ஃபார்மட் அடிப்பதற்கு முன்…

"விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சு சார். ஃபார்மட் அடிச்சுட்டா சரியாயிடும்."

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். நடுவில் ஹேங் ஆகி நிற்கிறதா? ஃபார்மட். நீலத் திரை வந்ததா? கேட்கவே வேண்டாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் சர்வீஸ்காரர் பென்டிரைவைச் செருகுவார். இரண்டு மணி நேரத்தில் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார். இரண்டு வாரம் கம்ப்யூட்டர் பறக்கும். மூன்றாவது வாரம், பழைய குருடி கதவைத் திறடி.

கூரை ஒழுகுகிறது என்று வீட்டுச் சாமான்களை எல்லாம் தெருவில் போட்டுவிட்டு உள்ளே வெள்ளையடித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது. ஒழுகல் நிற்காது; சாமான் போனது போனதுதான்.

இதற்காக சர்வீஸ்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கோளாறு எங்கே என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கண்டுபிடித்தால் நாம் அவருக்குக் காசு கொடுக்கிறோமா? "ஒயரைப் புடுங்கி மறுபடி மாட்டினாரு. இதுக்கு முந்நூறு ரூபாயா?" என்கிறோம். ஃபார்மட்டுக்கு என்றால் ஒரு ரேட் இருக்கிறது, திரையில் கோடு நகர்வது கண்ணுக்குத் தெரிகிறது, பேரம் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறோம். எதற்குக் கூலி கிடைக்கிறதோ அந்த வேலையைத்தான் எவரும் செய்வார்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வரும் அன்றாடத் தொல்லைகள் பலவற்றுக்கும் விண்டோஸ் கெட்டுப்போவதற்கும் தொடர்பே கிடையாது. வன்பொருள் நொந்துபோயிருக்கும், மின்சாரம் சரியாக வராது, கேபிள் தளர்ந்திருக்கும், தூசி அடைத்திருக்கும். இவற்றில் எதையும் ஃபார்மட் தொடாது.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பது கிண்டலாகிவிட்ட வைத்தியம். ஆனாலும் அது வேலை செய்யக் காரணம் இருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிரலும் ரேமில் இடம் கேட்டு வாங்குகிறது. வாங்கியதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்காத நிரல்கள் உண்டு. பிரின்டர், வைஃபை போன்றவற்றை இயக்கும் டிரைவர்கள் எங்கேயாவது சிக்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் சிக்கல் அவிழ்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. நீங்கள் திறந்து வைத்த நிரல்களை மூடும். தன் உட்கருவையும் டிரைவர்களையும் மட்டும் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று பெயர். ஆகவே நேற்று சிக்கிய டிரைவர் இன்றும் அதே சிக்கலோடு எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையான புதுத் தொடக்கம்.

சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சி.பி.யூ.வைத் தொட்டால் 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி தவறாமல் அணைக்கும் லேப்டாப்பில் அது இருபது, முப்பது நாள் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விண்டோஸ் 95, 98 காலத்தில் இதைவிடச் சுவையான ஒரு கோளாறு இருந்தது. கம்ப்யூட்டர் திறந்து எவ்வளவு நேரமாகிறது என்பதை மில்லி வினாடிக் கணக்கில் ஓர் எண்ணில் சேர்த்து வந்தார்கள். அந்த எண்ணில் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் வரைதான் கொள்ளும். நாளாக மாற்றினால் 49.7 நாள். அணைக்காமலே வைத்திருந்தால் ஐம்பதாவது நாள் மெஷின் உறைந்துவிடும். பல காலம் இது வெளியே தெரியவில்லை. காரணம் எளிது: அந்த விண்டோஸ் ஐம்பது நாள் தொடர்ந்து ஓடிய வீடு எங்கே இருந்தது!

மெதுவாக ஓடினால் முதலில் பார்க்க வேண்டிய இடம்

அதே டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று கட்டங்கள் உண்டு. கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் இவற்றில் எது 100 சதவீதத்தை முட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். பாதி வேலை முடிந்தது.

டிஸ்க் என்றால், உள்ளே பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. ஒரு கோப்பைத் தேடிப் படிக்க, அதன் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். பிறகு தட்டு சுழன்று அந்த இடம் கீழே வர வேண்டும். சிதறிக் கிடக்கும் கோப்புகளை வினாடிக்கு நூறு முறை எட்டினாலே பெரிய விஷயம். விண்டோஸ் 10-ம் 11-ம் திறந்த மாத்திரத்தில் அப்டேட், ஆன்ட்டி வைரஸ், தேடல் பட்டியல் என்று ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கின்றன. பாவம், அந்தக் கை எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்?

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக வந்த எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதற்கு எதுவும் கிடையாது. வினாடிக்குப் பல்லாயிரம் முறை எட்டிப் படிக்கும். சமீப காலமாக விலை ஏறியிருந்தாலும், பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடானது இல்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. அவற்றிலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். எஸ்.எஸ்.டி. மாற்றும்போது "உள்ளதை அப்படியே குளோன் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். பழைய டிஸ்க்கில் இருக்கும் அத்தனையும் புதியதற்கு வந்துவிடும். ஃபார்மட் தேவைப்படாது.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சீரான சத்தம் வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். உடனே அணையுங்கள். உள்ளே படிக்கும் முனை தட்டில் பிடி கிடைக்காமல் தவிக்கும் சத்தமாக இருக்கலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகவலை மீட்கும் வாய்ப்பு குறையும். சத்தம் வருவதற்கு முன்பே நிலைமை தெரிய வேண்டுமென்றால், 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச நிரல் டிஸ்க்கின் உடல்நிலையை நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் சொல்லிவிடும். மஞ்சள் வந்தால் படங்களை வேறிடத்துக்கு நகலெடுக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

மெமரி நிரம்பினால் ரேம் போதவில்லை. 4 ஜி.பி. ரேமில் பிரவுசரில் இருபது டேப் திறந்து வைத்தால் எந்த விண்டோஸும் முனகும். சி.பி.யூ. முட்டினால், எந்த நிரல் இழுக்கிறது என்பதை அதே பட்டியல் காட்டும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அந்தப் பட்டியலில் எளிதில் தெரியாது: சூடு. காலையில் வேகமாக ஓடி, மதியம் மந்தமாகும் லேப்டாப் என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பிராசஸரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தையில் வைத்துப் படம் பார்த்தால் அடியில் காற்றுப் போகும் வழி அடைபடும். இரண்டு வருடத்துத் தூசி விசிறிக்குப் பக்கத்தில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். புளோயரால் ஊதும்போது விசிறி சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் விசிறியே கெடும். லேப்டாப்பின் டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அழுத்திப் பார்ப்பதோ, ஊசியால் குத்துவதோ தீப்பிடிக்கும் வேலை.

தொட்டால் ஷாக் அடிக்கிறது!

டெஸ்க்டாப் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் புகார் சாதாரணம். கேபினட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் கை சுருசுருக்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். "எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு, மாத்தணும்" என்பார்கள். மாற்றியும் அடிக்கும்.

காரணம் சுவரில் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியின் வாயிலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று லைனுக்கும் கேபினட்டுக்கும் நடுவில். மற்றது நியூட்ரலுக்கும் கேபினட்டுக்கும் நடுவில். எர்த் ஒழுங்காக இருந்தால் வடிகட்டியது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் நடுவில் தொங்கும். 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், அதன்மேல் நிற்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம் என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் அது சொல்லும் செய்தி சாதாரணமானதில்லை: உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. நாளைக்கு கிரைண்டரிலோ ஃபிரிட்ஜிலோ உண்மையாகவே லைன் கசிந்தால் உங்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

மூன்று பின் பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் பின் எர்த்துக்கானது. அதை வெட்டிவிட்டும், இரண்டு பின் கன்வர்ட்டரில் மாட்டியும் ஓட்டும் வீடுகள் ஏராளம். பழைய வீடுகளில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். அதில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் பெரியவர்களுக்கு இருந்தது. வெட்டி வேலை இல்லை அது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். அப்படியே, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்தது வீட்டாரின் உயிர் காக்கும் வேலையாக முடியும்.

டெஸ்க்டாப்பில் வழக்கமாக வரும் இன்னும் இரண்டு தொல்லைகள். டிஸ்ப்ளே வராமல் விசிறி மட்டும் சுற்றினால் ரேமைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ரேமின் தங்கநிறத் தொடுமுனைகளில் சீக்கிரம் படலம் ஏறும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்து, ரேமை எடுத்துப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி செருகுவது நம் ஊர்க் கடைகளில் அன்றாடம் நடக்கும் வைத்தியம். பலமுறை பலிக்கும். அடுத்தது, கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடுகிறது, வங்கித் தளம் திறந்தால் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மிரட்டுகிறது என்றால் வைரஸ் என்று பதற வேண்டாம். மதர்போர்டில் உள்ள காசு வடிவ 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் காலாவதித் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரம் பொய் சொன்னால் பிரவுசர் அந்தச் சான்றிதழை நம்ப மறுக்கிறது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

நீலத் திரையும் 48 இலக்கமும்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களில் ஒரே நாளில் நீலத் திரை வந்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரே ஒரு கோப்புதான் காரணம். கைவைத்தியம் என்ன தெரியுமா? அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்தார்கள். அவ்வளவு பெரிய நீலத் திரை வெள்ளத்துக்கே மருந்து ஃபார்மட்டாக இருக்கவில்லை.

உங்கள் வீட்டு நீலத் திரையிலும் கீழே ஒரு 'ஸ்டாப் கோடு' இருக்கும். போனில் படம் எடுத்து வையுங்கள். கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள். புது பிரின்டரா, புது ரேமா, நேற்று வந்த அப்டேட்டா? விண்டோஸ் தொடர்ந்து திறக்க முடியாமல் போனால் அதுவே பழுதுநீக்கும் திரையைக் காட்டும். அதில் சேஃப் மோட், கடைசி அப்டேட்டை நீக்குதல், முந்தைய நிலைக்குத் திருப்பும் 'சிஸ்டம் ரீஸ்டோர்' எல்லாம் உண்டு. இவை மூன்றையும் முயலாமல் ஃபார்மட் பக்கம் போவது அவசரக் குடுக்கைத்தனம்.

கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறு வந்த அன்று பல அலுவலகங்களில் வேலை இழுத்தடித்ததற்கு இன்னொரு காரணம், டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி செய்யும் பிட்லாக்கர் பூட்டு. அதே பூட்டு இப்போது வீட்டு லேப்டாப்களிலும் இருக்கிறது. புது லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' பல மாடல்களில் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். உங்களைப் பெரிதாகக் கேட்காது. திருடன் கையில் போனால் நல்லது. ஆனால் ஒருநாள் பயாஸ் அப்டேட் ஆனாலோ, போர்டு மாற்றினாலோ, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பயனில்லை. சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடைக்குப் போனாலும் திறக்க முடியாது.

சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் இருக்கும். எந்தக் கணக்கு என்பதுதான் சிக்கல். நீங்கள் வாங்கிய அன்று கடைக்காரர் அவசரத்தில் உருவாக்கிய மின்னஞ்சலாக இருந்தால் தொலைந்தது. இன்றைக்கே செட்டிங்ஸில் பாருங்கள். பூட்டு இருந்தால், சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

குற்றவாளி வன்பொருளா, விண்டோஸா?

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இலவச இயங்குதளமான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கலாம், எதையும் நிறுவாமலே. அதில் அரை நாள் ஒழுங்காக ஓடினால் ரேமும் போர்டும் பெரும்பாலும் நலம், விண்டோஸையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். அதிலும் ஹேங் ஆனால் பத்து முறை ஃபார்மட் அடித்தாலும் தீராது. டிஸ்க்கில் பூட்டு இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளை அதன் வழியாகவே வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தும் விடலாம்.

இன்டர்நெட் கோளாறுக்கு விண்டோஸைக் குறை சொல்வது இன்னும் பெரிய அநியாயம். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் பெரும்பாலும் வெளியே எங்கோ கண்ணாடி இழை அறுந்திருக்கும். நிறுவனத்துக்குப் போன் செய்வதைத் தவிர வழியில்லை. போனில் வைஃபை வந்து கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டரைப் பாருங்கள். ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று புலம்புபவர்களுக்கு என்ன சொல்ல? மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் இணைப்பு தடுமாறினால், அடுப்பும் உங்கள் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பகுதியில் மோதுகின்றன. ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பிரின்டரைப் பற்றி ஒரே வரி: இங்க் டேங்க் பிரின்டர் வாங்கியவர்கள் வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது எடுங்கள், இல்லாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் கோப்புகள் எல்லாம் 'ஷார்ட்கட்' ஆகிவிட்டனவா? அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள். அசல் கோப்புகள் பெரும்பாலும் உள்ளேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஆன்ட்டி வைரஸ் ஓட்டிவிட்டு மறைப்பை நீக்கினால் திரும்ப வரும். திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை வந்து, சைரன் ஒலித்து, 'மைக்ரோசாஃப்ட்' என்று ஒரு போன் நம்பர் காட்டினால் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதில்லை. டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினால் முடிந்தது. பேச்சுக்கு மயங்கி ரிமோட் நிரலை ஏற்றிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஃபார்மட் கொண்டுபோவது என்ன?

"டி டிரைவ்ல இருக்கறது போகாது சார்" என்பார்கள். சரிதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன. வீட்டில் பெரும்பாலானவர்கள் கோப்புகளை வைப்பது டெஸ்க்டாப்பில். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், சிறு கடைக்காரரின் டேலி கணக்கு என்று வரிசையாகப் போகும்.

நமக்கே உரிய இழப்பு ஒன்றும் உண்டு. 1990-களிலும் 2000-களிலும் தமிழில் தட்டச்சு செய்த பலர் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு சி டிரைவில் விண்டோஸோடு இருக்கும். ஃபார்மட் அடித்ததும் அது போய்விடும்; அப்பா எழுதிய குடும்ப வரலாறும் கோயில் மலரும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிறுக்கிக்கொண்டு நிற்கும். வைரஸ் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம். எந்த எழுத்துரு என்று தெரிந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது முதல், யூனிகோடில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

புதிதாகப் போடப்படும் விண்டோஸ் எப்படிப்பட்டது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லேப்டாப்போடு வந்த உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைப் போட்டால் தானே ஏற்றுக்கொள்ளும். அதை விட்டுவிட்டு, ஆன்ட்டி வைரஸை அணைத்து, 'ஆக்டிவேட்டர்' ஓட்டித் திருட்டு விண்டோஸ் போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆக்டிவேட்டர்களின் வழியாகத் தீநிரல்கள் புகுவது நெடுங்காலமாக நடக்கிறது.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். பழைய மெஷினில் அவை இல்லாவிட்டால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வது, ஆதரவற்ற விண்டோஸில் நெட் பேங்கிங் செய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஃபார்மட் சரியான மருந்தாகும் நேரங்களும் உண்டு. வைரஸ் ஊடுருவி ஆன்ட்டி வைரஸையே முடக்கிவிட்டது, மெஷினை வேறொருவருக்கு விற்கிறீர்கள், சிஸ்டம் ரீஸ்டோர் வரை முயன்றும் விண்டோஸ் எழவில்லை என்றால் தயங்க வேண்டாம். அப்போதும் முதலில் விண்டோஸிலேயே உள்ள 'ரீசெட்' வசதியில் 'கோப்புகளை வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்து பார்க்கலாம். படங்களின் நகல் ஒன்று வெளி டிஸ்க்கில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

அடுத்த முறை சர்வீஸ்காரர் வந்து "ஃபார்மட் அடிச்சுடலாமா?" என்றால், "என்ன கோளாறுன்னு முதல்ல பாருங்க தம்பி, பார்க்கறதுக்கே தனியா காசு தர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.